தாளாளரின் ஒரு பிடி யூரியா

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பழுப்பு நிறப் பிளாஸ்டிக் பாட்டில் அது. மேலே ஒட்டிய தாளில் என் கையெழுத்தில் "இரும்புச் சத்து, வாரம் ஒரு மூடி" என்று எழுதியிருக்கும். ஒரு திங்கட்கிழமைக் காலை, பிரார்த்தனைக் கூட்டத்தில் பள்ளிக்கூடமே வரிசையில் நிற்க, எங்கள் தாளாளர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "இந்த மருந்த ஊத்தித்தான் டீச்சர் நம்ம மீனைப் பூரா கொன்னுட்டாவ" என்று மைக்கில் சொன்னார். ஏழாம் வகுப்பு வரிசையில் என் மகள் நின்றிருந்தாள். அவள் பாட்டிலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பதினோரு வருடமாகிறது. அந்தப் பார்வைக்காக அந்த மனிதரை நான் இன்று வரை மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை. மன்னிப்பு பெரிய மனசுக்காரர்கள் வேலை. எனக்கு மனசு சாதாரண அளவுதான்.

கோவில்பட்டியில் நான் அறிவியல் ஆசிரியையாக இருந்த தனியார் பள்ளி அது. தாளாளர் குளத்தூர்ப் பக்கத்துக்காரர். மானாவாரி நிலம் நிறைய உண்டு. வெள்ளைச் சட்டை, காதோரம் ஜவ்வாது வாசனை, எதைச் சொன்னாலும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிராத குரல். தன் அறையில் மீன் தொட்டி வேண்டும் என்று ஆசைப்பட்டார். பிளாஸ்டிக் செடி வைக்கலாம் என்றார். உயிர்ச் செடி வைப்போம் சார் என்று நான்தான் வலியப் போய் மாட்டிக்கொண்டேன். நாலடித் தொட்டி. அடியில் கரிசல் மண், அதற்கு மேல் அலசிய ஆற்று மணல். கரிசல் மண்ணை அப்படியே போட்டால் தண்ணீர் ஒரு மாதத்துக்குத் தெளியாது. ஊறவைத்து, மேலே மிதக்கும் சக்கையை வடித்து, காயவைத்து, மறுபடி ஊறவைத்து நாலு தடவை செய்தேன். குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து இரண்டு நாள் வைத்துத்தான் ஊற்றுவேன். வாள் போல அகல இலை விடும் செடிகளும் நாடா போல நீளும் செடிகளும் மூன்றே மாதத்தில் தொட்டியை நிறைத்தன. செம்மஞ்சள் நிற வாள்வால் மீன்கள் அவற்றுக்குள் புகுந்து புகுந்து வரும். கட்டணம் கட்ட வரும் பெற்றோர் கட்டிய பிறகும் போக மாட்டார்கள். தாளாளர் எல்லோரிடமும் "நான் வச்சது" என்பார். அதையெல்லாம் நான் கண்டுகொள்ளவில்லை.

பிறகு குருத்து இலைகள் வெளுக்கத் தொடங்கின. நரம்பு பச்சையாக இருக்கும், நரம்புகளுக்கு இடையே மஞ்சள். இது எனக்குப் புதிதில்லை. நாகலாபுரத்தில் எங்கள் அப்பா சோளம் விதைத்த நிலத்தில் சுண்ணாம்பு மிகுந்த ஒரு பகுதி உண்டு. அங்கே பயிர் இப்படித்தான் வெளுக்கும். மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் வேருக்குக் கிடைக்காது. அப்பா அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கரைத்துத் தெளிப்பார், பத்து நாளில் பச்சை திரும்பும். தொட்டிக்கு அதே இரும்பைச் செடி எடுத்துக்கொள்ளும் வடிவில் பாட்டிலில் விற்கிறார்கள். அதை வாங்கி, அளவு எழுதி ஒட்டி, வாரம் ஒரு மூடி ஊற்றத் தொடங்கினேன். ஊற்றிய மறுநாளே பச்சையாக இது ஒன்றும் சாயம் இல்லை. தாளாளருக்குப் பொறுமை இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு பெற்றோர் உட்கார்ந்திருக்கும்போது அவர் எனக்கு விவசாயம் சொல்லித்தந்தார். இலை மஞ்சளடித்தால் யூரியாதான், மழை விழுந்த ஈரத்தில் மேலுரமாக ஒரு பிடி வீசினால் மூன்றாம் நாள் கரும்பச்சை கட்டிவிடும் என்றார். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மானாவாரி நிலத்துக்கு அது சரியும்கூட. நான் சிரித்துவிட்டேன். இது வயல் இல்லை சார், யூரியா தண்ணீருக்குள் அம்மோனியாவாக மாறி மீனைக் கொன்றுவிடும் என்றேன். பெற்றோரில் ஒருவரும் சேர்ந்து சிரித்தார். தாளாளர் சிரிக்கவில்லை. பேச்சை மாற்றினார்.

சனிக்கிழமை மத்தியானம் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். அவருக்கு அது மழை. புதுத் தண்ணீர் விழுந்துவிட்டது, மேலுரம் போடும் நேரம் வந்துவிட்டது என்று கணக்குப் போட்டிருக்கிறார். சாயங்காலம் ஸ்கூட்டரிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து வந்து, விதைக்கிற மாதிரி கையை வீசிப் போட்டதை அறை கூட்டும் ஆயாம்மா பார்த்திருக்கிறாள். திங்கட்கிழமை காலை நான் போனபோது மீன்கள் எல்லாம் வயிறு மேலாக மிதந்தன. அறை நாறியது. செடியின் மஞ்சளில் ஒரு மாற்றமும் இல்லை. நான் வலையை எடுக்கப் போன நேரத்தில் அவர் என் மேசையிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விட்டார்.

ஆயாம்மா என்னிடம் விஷயத்தைச் சொன்னது அன்று சாயங்காலம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அதுவும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. அவளுக்கு அந்த வேலையை விட்டால் வேறு கதி இல்லை. அவளை இழுத்துவிட எனக்கு வாய் வரவில்லை. "மீன் டீச்சர்" என்று பிள்ளைகள் என்னை அழைக்க ஆரம்பித்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா, சோதனைக்கூடத்தில் தன் பையனை என்னிடம் விட பயமாக இருக்கிறது என்றார். அந்த வருடக் கடைசியில் நானே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அதெல்லாம் போகட்டும். ஒரு நாள் சாப்பிடும்போது மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நெசமாவே நீ அளவு மாத்தி ஊத்திட்டியாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சரி என்றாள். அந்தச் சரியில் நம்பிக்கை இல்லை.

இப்போது எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மீன் தொட்டிச் செடிகள் வளர்த்துப் பார்சலில் அனுப்புகிறேன். கோவில்பட்டியில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் செடிக்கு நோய் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு. குரல் தளர்ந்திருந்தாலும் உடனே தெரிந்துவிட்டது. பள்ளியை மகனிடம் ஒப்படைத்துவிட்டாராம், இதய ஆபரேஷன் ஆகியிருக்கிறதாம், மனசு லேசாக இருக்கட்டும் என்று மகன் தொட்டி வாங்கி வைத்திருக்கிறானாம். நடுவில் பதினோரு வருடம் போனதே தெரியாத மாதிரி நலம் விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"குருத்தெல்லாம் மஞ்சளடிச்சு வருது டீச்சர். நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. என்ன போடணும்?"

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இத்தனை வருடக் கோபத்திலும் ஒரு ஓரத்தில் அவருக்குச் சலுகை கொடுத்தே வந்திருக்கிறேன். நான் சொன்னதை அவர் நம்பவில்லை, மீன் செத்தது என் மருந்தால்தான் என்று உண்மையாகவே நினைத்திருப்பார் என்று. அறியாமல் செய்தவரை எவ்வளவு வெறுப்பது? அதனால் நிதானமாகச் சொன்னேன்.

"தண்ணி மாத்துன அன்னைக்கு ஒரு பிடி யூரியா வீசுங்க சார்."

"வெளையாடாதீங்க டீச்சர். மீனு பூரா செத்துப்போகும்லா."

"அது ஒங்களுக்கு எப்போ தெரிஞ்சது சார்?"

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"பிள்ளைக முன்னால நான் வேற என்ன சொல்லியிருக்க முடியும் டீச்சர்?"

கொடுத்து வைத்திருந்த சலுகை அத்தோடு தீர்ந்தது. பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் பூப்படம் போட்டு வணக்கம் வாங்குகிறாரே, அங்கே எழுதட்டும் என்றேன். அன்று தொட்டியில் யூரியா போட்டது யார் என்று ஒரு வரி போதும். என் மகளும் அந்தக் குழுவில் இருக்கிறாள். எழுதிய நிமிடமே என்ன போட வேண்டும், எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். இந்த வயசில் என்னை அசிங்கப்படுத்த வேண்டுமா என்று கேட்டார். எனக்கு அப்போது முப்பத்து நாலு வயசு சார் என்றேன்.

அதன் பிறகு அவர் கூப்பிடுவதில்லை. தினமும் குழுவில் பூப்படம் போட்ட கையோடு எனக்கு ஒரு இலைப் படம் அனுப்புகிறார், எழுத்து ஒன்றும் இருக்காது. நான் காபியை வைத்துவிட்டு அதைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். மஞ்சள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. செடி என்ன பாவம் செய்தது என்று தோன்றாமல் இல்லை. ஒரே ஒரு சொல்லைத் தட்டி அனுப்பினால் பத்து நாளில் தேறிவிடும். சில நாள் தட்டுகிறேன், பிறகு அழித்துவிடுகிறேன். இன்று வந்த படத்தில் புதுக் குருத்து வெள்ளையாகவே விரிந்திருந்தது. அவர் இன்னும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.