ஒரு வார்த்தையைச் சுமந்து திரிந்த என்னை விடுவித்தார்

என்னோடு ஒரே பாயில் முழங்கால் போட்டு ஜெபிக்கிற சகோதர சகோதரிகளுக்கு ஸ்டெல்லா எழுதுகிறேன். பட்டினப்பாக்கத்தில் குடியிருக்கிறோம். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். மேடையில் ஏறிச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். கால் நடுங்கிவிடும், எழுதித் தருகிறேன் என்றேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சுபாவம் உங்களில் சிலருக்குத் தெரியும். எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி வருவேன். யாராவது என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனால், என்ன தப்பு செய்தேனோ என்று சோறு இறங்காது. ஆனால் போய்க் கேட்கவும் மாட்டேன். கேட்டால் நிஜமாகவே ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று அதற்கும் பயம்.

எனக்கு தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. பட்டுப்புடவைப் பிரிவு. எங்கள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர் சண்முகக்கனி அக்கா. முதலாளி குடும்பம் மாதிரி அவரும் திருநெல்வேலிப் பக்கம். அவர் பேச்சில் பாதி எனக்குப் புரியாது. புரியவில்லை என்று சொன்னதும் இல்லை.

போன வருஷம், தீபாவளிக்கு முந்தின வாரம். கடையில் நிற்க இடம் இல்லை. என் வீட்டுக்காரர் தாஸ் பெயின்டர். அடையாறில் ஒரு அபார்ட்மென்டுக்கு வெளிப்பூச்சு அடித்துக்கொண்டிருந்தவர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று கடைக்குப் போன் வந்தது. "தலையில அடியா?" என்று கேட்டேன். கூட வேலை செய்கிறவர், "நீ ஆஸ்பத்திரிக்கு வந்துடுக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

கனி அக்கா ஒரு கல்யாண வீட்டாருக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். சொன்னார்:

"போ சவமே, போய்ப் பாரு."

என் காதில் அது எப்படி விழுந்தது தெரியுமா? சவத்தைப் போய்ப் பார் என்று விழுந்தது. எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். செருப்புகூடப் போடாமல் ஓடினேன். ஆட்டோவில் ஒரு ஜெபம்கூட வாயில் வரவில்லை. அந்த வார்த்தை மட்டும் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு நின்றவரிடம் வார்டு எங்கே என்று கேட்கப் போன வாய், மார்ச்சுவரி எங்கே என்று கேட்டுவிட்டது.

அவர், "இன்னாமா நீ, யாரைத் தேடிக்கினு வந்தே? முதல்ல பேரைச் சொல்லு" என்றார். பேரைச் சொன்னேன். எலும்பு வார்டுக்குக் கை காட்டினார். அங்கே என் வீட்டுக்காரர் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் தரவில்லை என்று நர்ஸிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். தலையில் ஒரு கீறல்கூட இல்லை. காலில்தான் முறிவு. கம்பி வைத்தார்கள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். ஆனால் என் மனது மார்ச்சுவரி வாசலை விட்டு நகரவில்லை. உயிரோடு இருந்த என் புருஷனை நான் பிணமாக்கித் தேடினேனே. தேட வைத்தது அந்தப் பொம்பளை வாய்தானே.

சில நாள் கழித்து வேலைக்குத் திரும்பினேன். வேலையாட்கள் வருகிற பின்வாசல் ஆணியில் ஒரு கட்டைப்பை தொங்கியது. உள்ளே என் செருப்பு. கழுவிக் கவிழ்த்த என் டிபன் பாக்ஸ். மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள், என்னை அனுப்பப்போகிறார்கள் என்றே நினைத்தேன். யாரும் அனுப்பவில்லை. ஆனாலும் அதையும் கனி அக்கா கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவரோடு பேச்சை விட்டேன்.

ஜவுளிக்கடையில் பேசாமல் வேலை செய்து பாருங்கள், அப்போது தெரியும். ஒருத்தி விரிக்க வேண்டும், ஒருத்தி அலமாரியிலிருந்து எடுத்துத் தர வேண்டும். அவர் கிளிப்பச்சை கேட்டால் நான் முகத்தைப் பார்க்காமல் கைக்கு வந்த பச்சையை எடுத்து வைப்பேன். அவர், "ஏட்டி, காதுல என்ன பஞ்சா அடைச்சிருக்க?" என்பார். நான் சுவரைப் பார்த்து, "இன்னா இப்போ?" என்பேன். அவர் முகம் சிவந்துவிடும். கிறிஸ்துமஸ் போனது, பொங்கல் போனது. தை முகூர்த்தத்துக்கு வந்த ஒரு குடும்பம் எங்கள் இரண்டு பேர் மூஞ்சியையும் பார்த்துவிட்டுப் பாதியில் எழுந்து போனது.

சின்ன முதலாளி எங்களைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை கடை பூட்டுறதுக்குள்ள பேசித் தீத்துக்கிடுங்க. இல்லன்னா ரெண்டு பேர்ல ஒருத்தர் திங்கக்கிழமை வர வேண்டாம்."

அந்த ஒருத்தர் யார் என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவர் பல வருஷத்து ஆள். என் வீட்டுக்காரரோ காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். என் சம்பளம் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது.

சனிக்கிழமை சுவரோரம் முழங்கால் போட்டு அழுதேன். "ஆண்டவரே, அந்த அம்மாவை வேறு கிளைக்கு மாற்றும். அவர்கள் வாயைக் கட்டிப்போடும். என் புருஷனை அப்படிச் சொன்னார்கள், என்னை அப்படிக் கேட்டார்கள்..." மூன்று மாதமாக இதே ஜெபம்தான். பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"இன்னாமே இது? ஜெபம் பண்றியா, ஸ்டேஷன்ல கம்ப்ளைண்ட் குடுக்குறியா?"

எனக்குக் கோபம் வந்தது. "உன்னைத்தான்யா பொணம்னு சொன்னாங்க."

"நான்தான் உசுரோட கீறேனே. எனக்கே கோபம் இல்லை. நீ இன்னாத்துக்கு அதைத் தூக்கிக்கினு அலையறே?"

மறுநாள் காலை முதல் ஆராதனைக்குப் போனேன். எனக்கு வசனமெல்லாம் மனப்பாடமாக வராது. ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்த அம்மாவைக் கடையிலிருந்து எடுக்க வேண்டாம் ஆண்டவரே. அந்த வார்த்தையை என்னிடமிருந்து எடுத்துப்போடும்." அப்படியே கடைக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் மொட்டை மாடிக் கொட்டகையில் சாப்பாடு. அந்த நேரத்துக்கு மட்டும்தான் எங்கள் போனைக் கையில் கொடுப்பார்கள். கனி அக்கா மூலையில் உட்கார்ந்து திருப்பூரில் வேலை செய்கிற மகனோடு பேசிக்கொண்டிருந்தார். மகனுக்குக் காய்ச்சல் என்பது பேச்சில் தெரிந்தது.

"மாத்திரை போட்டியால? வெறும் வயித்துல போடாத, ரெண்டு இட்லி தின்னுட்டுப் போடு. நீ நல்லாருந்தா போதும்ல எனக்கு. தூங்கு சவமே, தூங்கு."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

சோற்றில் இருந்த என் கை அப்படியே நின்றது. எடுத்துப்போடச் சொன்ன வார்த்தையை ஆண்டவர் மறுபடியும் என் காதில் கொண்டுவந்து போடுகிறார். பெற்ற பிள்ளையை யாராவது சவம் என்பார்களா? அதுவும் கண்ணில் தண்ணீரோடு?

எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன். அது நான் இல்லை, என்னை யாரோ எழுப்பி நிறுத்தினது மாதிரி இருந்தது.

"அக்கா, உங்க புள்ளையைப் போயி ஏன்க்கா சவம்ன்றீங்க?"

மூன்று மாதத்துக்குப் பிறகு நான் முகம் பார்த்துப் பேசியதில் அவருக்கே திகைப்பு. "அது ஒரு பேச்சுல்லாட்டி. வாய்ல வந்திரும். எங்க அம்மை என்னைக் கூப்பிட்டதே அப்படித்தான். பிரியத்துலயும் சொல்லுவோம், எரிச்சல்லயும் சொல்லுவோம். ஏன்?"

"அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு விழுந்தப்போ, போ சவமே, போய்ப் பாருன்னீங்களே. நான் போயி மார்ச்சுவரியைத் தேடினேன்க்கா."

கனி அக்காவுக்கு முகம் வெளுத்தது. போனைக் கீழே வைத்தார்.

"உன்னைத்தாம்ட்டி சொன்னேன். நிக்காத, ஓடுன்னு சொன்னேன். அய்யோ, அந்த நேரத்துல அந்த வார்த்தையா என் வாய்ல வந்துச்சு? எனக்கு நெனப்பே இல்லையே." என் கையைப் பிடித்தார். "நீ செருப்பில்லாம ஓடுன. நான் உன் செருப்பைத் தூக்கிட்டு ரோடு வரைக்கும் பின்னாலயே வந்தேன். ஆட்டோ போயிருச்சு. டப்பாவைக் கழுவி பையில போட்டு மாட்டுனேன். நீ வந்து நல்ல வார்த்தை ஒண்ணு சொல்லல. மூஞ்சத் திருப்பிட்ட."

என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அந்த தீபாவளிக் கூட்டத்துக்குள் ஓடிவந்திருக்கிறார். என்னைவிட எவ்வளவோ மூத்தவர். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ மட்டும் லேசுப்பட்டவளா? இன்னா இன்னான்னு என்னை எத்தனை நாள் கேட்ட. எங்க ஊர்ல மூத்தவங்களை அப்படிக் கேட்டா பல்லு இருக்காது" என்றார்.

"அக்கா, இன்னான்னா என்னன்னு அர்த்தம். அவ்ளோதான்."

"அவ்ளோதானா? சண்டைன்னா வாயத் தொறந்து போடுட்டி. நாங்கல்லாம் காலையில சண்டை போட்டுட்டு மத்தியானம் குழம்பு வாங்கிக்கிடுவோம்." சொல்லிக்கொண்டே தன் டப்பாவிலிருந்த கருவாட்டுக் குழம்பை என் சோற்றில் ஊற்றினார்.

அன்று சாயங்காலம் புடவை விரித்தது நான். எடுத்துக் கொடுத்தது அவர். "கனி அக்கா, அந்த மாம்பழ மஞ்சளை எடுங்க" என்று நான் கூப்பிட்டது கல்லாவரை கேட்டது. சின்ன முதலாளி நிமிர்ந்து பார்த்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் என் வீட்டுக்காரர் ஊன்றுகோலோடு முதல் முறையாகக் கடைக்கு வந்தார். ஈஸ்டருக்குச் சபையில் எல்லோரும் கட்டுகிற வெள்ளைப் புடவையை எனக்கு எடுத்துத் தர. கனி அக்காவுக்கு அவரை நேரில் பார்க்கக் கூச்சம். என் வீட்டுக்காரர் கும்பிட்டுச் சொன்னார்:

"நான்தான்க்கா அந்தச் சவம். எழுந்து வந்துட்டேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. ஈஸ்டர் காலையில் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு சபையில் நின்றபோது எனக்கும் அப்படித்தான் வந்தது.

நான் இன்றைக்கும் பயந்தவள்தான். கேஸைப் பார்க்கத் திரும்பி வருகிறவள்தான். ஆனால் ஒரு வார்த்தை மனதில் தைத்தால் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவதில்லை. ஆண்டவரே கூட வாரும் என்று சொல்லிவிட்டு, சொன்னவரிடமே போய், எந்த அர்த்தத்தில் சொன்னீர்கள் என்று கேட்கிறேன். சில நேரம் கெட்ட அர்த்தத்தில்தான் சொல்லியிருக்கிறார்கள். அப்போதும் கேட்டதால் நான் செத்துப்போகவில்லை.

இதை வாசிக்கிற யாராவது கூட வேலை செய்கிறவரோடோ, கூடப் பிறந்தவரோடோ பேசாமல் இருக்கலாம். அந்த ஆளை மாற்றும் என்று ஜெபிக்கிறீர்களா? நானும் அப்படித்தான் ஜெபித்தேன். அதை நிறுத்திவிட்டு, தைத்த வார்த்தையை ஆண்டவர் கையில் கொடுங்கள். மார்ச்சுவரி வாசலில் நின்ற என்னை அவர் கைபிடித்து அழைத்துவந்து சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்தார். உங்களுக்கும் செய்வார். அவருக்கே மகிமை.