போடில் வெளியேறிய விதம்

"நான் போறேன்னு எழுதிக் குடுத்தா, அதையும் நானேதான் வாங்கிப் படிச்சு நோட்டுல ஏத்தணும். இது என்ன பொழப்பு?"

டென்மார்க்கின் கடலோரச் சிற்றூர் ஒன்றில், பாட்டுச் சங்கத்தின் செயலாளர் போடில் முப்பத்தொரு வருடங்களாக இதையே சொல்லிவந்தாள். விலகுவதற்குத் தோதான ஒரு சொல்லைப் பழைய நோட்டுகளில் தேடினாள். 1904இல் விலகியவர் ‘அழிக்கப்பட்டார்’. அவளுக்கு அது பென்சில் கோடு மாதிரி இருந்தது. அடுத்த தலைமுறையில் ‘வெளியே அடியெடுத்து வைத்தார்’. பனியில் வழுக்கப்போகிறவன் மாதிரி. அவள் காலத்தில் ‘விலகலைத் தெரிவித்தார்’. ரயில் தாமத அறிவிப்பேதான்.

இந்தப் பிப்ரவரியில் சங்கத்தையே கலைக்கக் கூட்டம் போட்டார்கள். சங்கம் போனால் தானும் விடுபடலாம் என்று போடிலுக்குத் தலைகால் புரியவில்லை.

தலைவர் ஸ்வென்னிங் நோட்டில் ‘சங்கம் கரைந்தது’ என்று எழுதச் சொன்னார்.

"கரைய நாம என்ன சக்கரையா?" என்றாள் ரொட்டிக்கடை தோவெ.

"அப்ப ‘கீழே வைக்கப்பட்டது’ன்னு போடு" என்றார் கட்டைக்குரல் வில்லாட்ஸ்.

"மேசை மேலயே வைங்க. கால்ல இடறாம இருக்கும்" என்றாள் தோவெ.

சிரித்துச் சிரித்து வில்லாட்ஸுக்கு விக்கல் பிடித்தது. அதற்குள் கேக் தீர்ந்து, பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். கலைக்க ஓட்டுப் போதவில்லை. சங்கம் பிழைத்துக்கொண்டது.

போடில் நோட்டில் ஒரு வரி எழுதி, நோட்டை ஸ்வென்னிங்கின் மடியில் வைத்தாள்.

அவர் படித்துப் பார்த்தார். "‘போடிலுக்குப் போதும்’னா என்ன அர்த்தம்? விதியில இப்படி ஒரு வார்த்தையே கிடையாதே."

"நூத்தியிருபது வருஷமா விதியில இருக்கிற வார்த்தையெல்லாம் போட்டுப் பாத்தாச்சு, ஸ்வென்னிங். புடிக்கலைன்னா அடிச்சிட்டு நீயே வேற எழுது, இனிமே நீதான் செயலாளர்."