தண்ணீர் பிடித்துவைத்தவள்

எங்கள் தெருவில் அவளைத் தண்ணியக்கா என்றுதான் கூப்பிடுவோம். இஸ்திரிக்கடைக்காரி. மழை பொய்த்த அந்த வருடத்துக்கு முன்னால் அவளுக்கு வேறு பெயர் இருந்திருக்கும். கேட்டுவைக்க யாருக்கும் தோன்றவில்லை. வாய் கொஞ்சம் நீளம். சட்டையைக் கொடுத்துவிட்டு அவசரம் என்றால், "அவசரம்னா கசங்குனதையே மாட்டிக்கிட்டுப் போ" என்பாள். சொல்லிக்கொண்டே தேய்த்தும் கொடுத்துவிடுவாள்.

குழாய் வறண்டபின் தண்ணீர் லாரி வந்தது. அதுவும் எப்போது? தெருவில் பாதிப் பேர் தையல் ஆலையில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் பகல் வேளையில். வீட்டில் ஆளில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? "டிரம்மை என் வாசல்ல வச்சிட்டுப் போங்க, பிடிச்சு வைக்கிறேன்" என்றாள் அக்கா. கேட்கவா வேண்டும், தெருவே பாரத்தை அவள் தலையில் இறக்கியது. லாரிச் சத்தம் கேட்டதும் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டு ஓடுவாள். அதற்கென்று யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. எதிரே சைக்கிள் கடையில் உட்கார்ந்தபடி நானும் என் பங்குத் தண்ணீரை வாங்கிக்கொண்டவன்தான்.

தூசி விழாமலிருக்கப் பழைய துணிகளை டிரம்கள் மேல் விரித்திருந்தாள். ஆளாளுக்கு மொண்டெடுத்ததில் துணி எப்போதும் ஒரு பக்கம் சரிந்தே கிடக்கும்.

பக்கத்து வீட்டு மருமகள் அப்போது மாசமாக இருந்தாள். ஆலையில் நிற்க முடியாமல் விடுப்பு எடுத்தவள், பகலெல்லாம் அக்காவின் கடையில்தான். டிரம்களுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிழலும் குளிர்ச்சியும் இருந்தது. அக்காவே அங்கே அவளுக்கு நாற்காலி போட்டுக்கொடுத்தாள். இருவரும் யாரையாவது கிண்டலடித்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் என்னை.

கொளுத்தும் வெயிலில் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். மழையே இல்லாதபோது டெங்கு எப்படி வரும் என்று தெரு நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தை தங்கவில்லை.

அதன்பிறகுதான் சுகாதாரத் துறைப் பெண் டார்ச்சோடு வந்து, ஒரு துணியை விலக்கிக் காட்டினாள். தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன.

"மழை பெய்யலையேம்மா" என்றாள் அக்கா.

"பெய்யாததாலதாங்க. எல்லாரும் தண்ணிய சேத்து வைக்கிறாங்க, அதுல கொசு வந்து முட்டை போடுது. இந்தச் சூட்டுல புழு சீக்கிரமே கொசுவாயிடும். கொசு உடம்புக்குள்ள கிருமியும் வேகமா பெருகிடும். பகல்லதான் கடிக்கும்."

"காலியாகக் காலியாகத்தானே பிடிக்கிறேன்?"

"அடியில கொஞ்சம் நிக்கும்ல, அது மேலயே ஊத்துறீங்க. முட்டை வேற சுவத்துல ஒட்டிக்கிட்டிருக்கும், காஞ்சாலும் சாகாது. தண்ணி பட்டதும் பொரிஞ்சிடும். நல்லா தேய்ச்சுக் கழுவணும், இறுக்கி மூடணும்."

குடிக்கவே தண்ணீர் இல்லை, கழுவ யார் வைத்திருந்தார்கள்? இதைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையமர்த்தி என்னை நிறுத்தினாள். அவள் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை. தெருவுக்கே ஓடி ஓடி உழைத்தவள் தலையிலா இது விடிய வேண்டும்?

அன்றே டிரம்களைக் கவிழ்த்து, அவரவர் வாசலில் கொண்டுபோய்ப் போட்டாள். "இனிமே என்னைக் கேக்காதீங்க" என்றாள். அதோடு கிண்டலும் நின்றது. அவசரம் என்றால் வாய் திறக்காமல் தேய்த்துக் கொடுத்தாள். அந்தச் சட்டையை வாங்கவே எனக்குக் கூசியது.

மருமகள் மறுபடி ஆலைக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம், காலி டிரம்மை உருட்டிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தாள். அக்கா பதறி எழுந்தாள்.

"வேண்டாம்மா. உனக்குத் தெரியாது. நான் பிடிச்சு வச்ச தண்ணியிலதான் அந்தக் கொசு..."

"தெரியும்க்கா. மாமியார் சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுமா வந்தே?"

அவள் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. "லாரி பகல்லதானே வருது. மாமியாரும் அப்ப ஆலையில இருப்பாங்க. நான் வேற யார்கிட்ட குடுப்பேன்?"

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. டிரம்மை வாங்கிச் சாய்த்தாள். உள்ளே போய் ஒரு குடத்தைத் தூக்கிவந்து, அதிலிருந்த தண்ணீரை ஊற்றி, தோள்வரை கையை விட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். அவள் வீட்டில் குடிப்பதற்கு இருந்தது அந்த ஒரு குடம்தான்.