தாலியைத் தின்ற லேப்

பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில என் ஸ்டூடியோ. கல்யாணம் காட்சின்னா படம் எடுப்பேன், மெருகேத்துவேன், திட்டும் வாங்குவேன். அதுல ஒரு திட்டு மட்டும் இன்னும் காதுல கெடக்கு.

கிள்ளான்ல ஒரு அறுபதாம் கல்யாணம். மண்டபத்துல பாதி விளக்கு எரியல. கேமராவுல ஐஎஸ்ஓவை, அதான் இருட்டுல வெளிச்சத்தை இழுக்கிற அளவை, ஏத்து ஏத்துன்னு ஏத்தித்தான் எடுத்தேன். கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா, ஏத்தின வினைக்கு, கல்யாண ஜோடி அங்கிள் ஆன்டி முகம் பூரா சிவப்பும் நீலமுமா புள்ளி. அம்மை போட்ட மாதிரி.

அதைத் துடைக்க எந்தக் கலர் ஸ்பேஸ்ல, அதாவது கம்ப்யூட்டர் நிறத்தைக் கணக்குப் பண்ற எந்த முறையில, வேலை செய்யணும்ங்கிறதுதான் எங்க தொழில்ல ஓயாத சண்டை. ஆர்ஜிபின்னு ஒரு முறை, அதுல வெளிச்சமும் நிறமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்கும்; கொஞ்சம் அதிகமாத் தொட்டா முகம் மெழுகாயிடும். லேப்னு இன்னொரு முறை, அதுல வெளிச்சம் தனி, நிறம் தனி. நிறத்தை மட்டும் தேய்ச்சா புள்ளி போயிடும், ஒரு முடிகூடக் கலையாது. யூடியூப்ல ஒரு வெள்ளைக்காரன் அப்படித்தான் சொன்னான். மடையன் நானும் நம்பினேன். அவன் எடுக்கிறது பனிமலை. அங்க தாலி ஏது?

லேப்ல போட்டு அழுத்தித் தேய்ச்சேன். ஒரு புள்ளி இல்ல. நம்மள மிஞ்ச ஆள் இல்லன்னு ஃபிரேமும் போட்டு வெச்சேன்.

ஆன்டி கொமுட்டர் ரயில் பிடிச்சு வந்தாங்க. அங்கிளுக்கு ரெண்டு நாள்ல நெஞ்சுல ஆபரேஷன். தாலி கட்டி முடிச்ச அந்தப் படத்தை அவர் கட்டில் பக்கத்துல வைக்கணுமாம். வாங்கிப் பார்த்தாங்க. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டுத் திரும்பவும் பார்த்தாங்க.

“தம்பி, என் தாலி எங்க?”

குனிஞ்சு பார்த்தேன். அலமாக்! மெல்லிசு மஞ்சக் கயிறு, நான் தேய்ச்ச தேய்ப்புல கழுத்து நிறத்தோடவே கரைஞ்சு போயிருக்கு.

“அவரு உயிரோட இருக்கும்போதே கழட்டிட்டியேடா பாவி! இதையா அவர் கண்ணுல காட்டச் சொல்றே?”

ஆன்டி அழுதுட்டாங்க. லேப்பு, ஆர்ஜிபின்னு அவங்ககிட்ட என்னத்தைச் சொல்ல? எனக்குச் சகுனத்துல எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா அன்னிக்குப் பயந்தேன், சாமி சத்தியமா.

அவங்களை உட்கார வெச்சுட்டுப் பழைய ஃபைலை எடுத்தேன். ஆர்ஜிபியில, கை படாத மாதிரி லேசா ஒரு தடவை. கயிறு பளிச்சுன்னு வந்துச்சு. கூடவே புள்ளியும்.

“முகத்துல புள்ளி இருக்கும் ஆன்டி.”

“இருந்துட்டுப் போகட்டும்லா. மஞ்சள் இருக்கில்ல?”

புதுப் படத்தை ஃபிரேம்ல மாட்டி வாங்கிட்டுப் போனாங்க. அப்புறம் ஒரு மாசத்துக்கு மேல அவங்ககிட்டயிருந்து சத்தமே இல்ல. ஆபரேஷன் என்னாச்சுன்னு கேக்கப் போன் எடுப்பேன், கை வராது, வெச்சிடுவேன்.

ஒரு நாள் காலையில படிக்கட்டுல யாரோ நின்னு நின்னு மூச்சு வாங்கி ஏறுற சத்தம். எட்டிப் பார்த்தா அங்கிள். கக்கத்துல ஃபிரேம்.

“என்ன பாஸ், என் மூஞ்சி பூரா கொசு கடிச்ச மாதிரி இருக்கு? இதுக்குப் பேரு போட்டோவா?”

நாற்காலியை இழுத்துப் போட்டேன். “உட்கார்ந்து நல்லாத் திட்டுங்க அங்கிள்.”