நான் பொத்திய வாய்

இங்கிலீஷ்காரர் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போன அடுத்த வருடம் அது. கப்பல் திருத்தும் டொக்யார்டில் என் கணவருக்கு இருந்த வேலையும் அவர்களோடு போயிற்று. சில மாதங்களில் பாரிசவாதம் வந்து அவரைப் பாயில் கிடத்திவிட்டது. வசதியானவர்கள் இருக்கும் ஓர்ஸ் ஹில் பகுதியில் மேசை, கதிரை, அலுமாரி என்று வாழ்ந்த நாங்கள் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, கடற்கரைப் பக்கம் ஓர் ஓலை வீட்டுக்கு வந்தோம். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எனக்குத்தான் ஆட்களின் முகத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது.

ஒக்டோபரில், செபமாலை மாதத்தில், எங்கள் கோயில் மாதாவின் சிலை, அந்தச் சுரூபம், ஒவ்வொரு நாள் பின்னேரமும் ஒவ்வொரு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டில் வெள்ளை விரித்த மேசையில் சுரூபத்தை வைத்து, எல்லோரும் கூடிச் செபித்து, கோப்பியும் அவித்த கடலையும் சாப்பிட்டுப் போவார்கள். எங்கள் முறை வந்தபோது, அவருக்குத் தெரியாமல் கோயில் மூப்பரிடம் வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னேன்.

"அவரை வைத்தியத்துக்கு மட்டக்களப்புக்குக் கொண்டு போறம். எங்களை விட்டிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கோ."

அன்றைக்குக் கதவைச் சாத்தி, விளக்கும் கொளுத்தாமல் இருந்தேன். அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். அங்கே செபம் தொடங்கியதும், இவர் பாயில் கிடந்தபடியே "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்று உரத்துப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். பாய்ந்துபோய் அவருடைய வாயைப் பொத்தினேன். தட்டிவிட அவருக்குக் கை ஏலாது. என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். என் உள்ளங்கைக்குள் அவருடைய உதடு செபத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

அவர்களுக்குக் கேட்டுவிட்டது. அங்கே முடிந்ததும் மூப்பர் சுரூபத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். பின்னால் அத்தனை பேரும். எங்கள் தகர றங்குப்பெட்டியின் மேல் மாதாவை வைத்து, மண் தரையிலேயே உட்கார்ந்து, அவருக்காக இன்னொரு தரம் செபித்தார்கள். அடுத்த வீட்டு அக்கா கோப்பியையும் கேத்திலோடு கொண்டு வந்திருந்தா. மட்டக்களப்பைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. யாராவது ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

எல்லோரும் போன பிறகு, "ஏன் என்ர வாயைப் பொத்தினனீர்?" என்று அவர் கேட்டார்.

"வெக்கமா இருந்தது. வந்தவை இருக்க ஒரு கதிரைகூட இல்லையே" என்றேன்.

"ஆண்டவர் எங்களை ஓர்ஸ் ஹில்லில விட்டிட்டு வரேல்லை. இஞ்சயும்தான் கூட இருக்கிறார். எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்றார். குரலில் கோபமே இல்லை.

அந்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு முன்னமே அவர் இறந்து போய்விட்டார்.

கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதைச் சொல்லி அழுதேன். சுவாமியார் ஆறுதல் சொல்லி அனுப்பினார். அதன் பிறகு வீட்டில் நல்லதும் வந்தது, கெட்டதும் வந்தது. ஆண்டவர் தந்தது போதும் என்று இருக்க நானும் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டேன். ஆனால் அந்த நிம்மதியை அவரோடு சேர்ந்து அனுபவிக்கக் கிடைத்த கடைசி மாதங்களை வெட்கப்பட்டே கழித்துவிட்டேனே என்ற துக்கம் மட்டும் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.