முதுகில் கட்டிய கைப்பேசி

அம்மாவின் அஸ்தியைக் கரைக்கப் போன காலையில் என் முதுகில் ஒரு கைப்பேசி கட்டப்பட்டிருந்தது. யோசனை என் தங்கையுடையது. கைப்பேசியும் முதுகும் என்னுடையவை. ஆகவே கேலியில் பெரிய பங்கு எனக்கே சேரும்.

தங்கை பெர்த்தில் இருக்கிறாள். பிரசவமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை, வயிற்றில் தையல், விமானம் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மின்சுடலையில் நடந்ததை யாரோ பிடித்து அனுப்பிய காணொளியில்தான் பார்த்தாள். அதில் பாதி நேரம் மாமாவின் வழுக்கைத் தலை. மறுநாளே கூப்பிட்டாள்.

"அண்ணே, அஸ்தி கரைக்கிறப்ப நீ திரும்பிப் பாக்கக் கூடாதுல்ல?"

"ஆமா. கடலுக்கு முதுகக் காட்டி நின்னு, கலயத்தத் தோளுக்குப் பின்னால விட்டுட்டு நேரா கரைக்கு வந்துடணும்."

"அண்ணி?"

"கரையில நிக்கிறவங்களும் முதுகக் காட்டித்தான் நிக்கணும்."

"அப்ப அம்மா போறத நீங்க யாருமே பாக்க மாட்டீங்க." "நான் பாக்குறேண்ணே. நான்தான் அங்க இல்லியே, எனக்கு அந்தச் சட்டம் கிடையாது. யாராச்சும் ஒருத்தர் பாக்கணும்ல?"

"என் போன் தண்ணியில விழுந்தாலும் சாகாது. அதையே முதுகில கட்டிக்கிறேன்," என்றேன்.

அந்தக் கைப்பேசியை வாங்கும்போது கடைப்பெண் அதைக் கண்ணாடித் தொட்டிக்குள் போட்டு, மீன் மாதிரி நீந்தவிட்டுக் காட்டியிருந்தாள். "போலே லா அங்கிள், தாராளமா முடியும். ஒன்னர மீட்டர் ஆழம், அர மணி நேரம் தாங்கும்." அன்றிலிருந்து நான் அதைக் குழாயடியில் கழுவிக் காட்டாத விருந்தாளி இல்லை. புக்கிட் பெலிம்பிங்கில் எங்கள் வரிசை வீடுகளில் எல்லோரும் ஒருமுறையாவது இந்த வித்தையைப் பார்த்துச் சலித்தவர்கள்தான்.

மனைவி ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். "எதுக்கும் இதுல போட்டுக் கட்டுங்க."

"நனையாத போனுக்குப் பையா? குடைக்குக் குடை பிடிப்பியா நீ?"

அவள் பையை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம் உண்டு.

கோலசிலாங்கூர் கழிமுகத்தில் அலை ஏறிக்கொண்டிருந்தது. பூசாரி மந்திரத்தை முடித்து, சிவப்புத் துணி கட்டிய கலயத்தை என் இடது தோளில் வைத்தார். என் முதுகில் குறுக்காகக் கட்டிய துண்டுக்குள் கைப்பேசி. திரை என் தோலைப் பார்த்தபடி, கேமரா வெளியே பார்த்தபடி. பூசாரி அதை ஒருமுறை பார்த்தார். "இது எந்த ஊர் சம்பிரதாயம்?" என்றார்.

"ஆஸ்திரேலியா," என்றேன்.

முழங்கால் அளவு இறங்கியபோதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில், எறும்பு எழுத்தில், ஒரு வரி: கடல்நீருக்கு உத்தரவாதம் இல்லை. தொட்டியில் நீந்தியது நல்ல தண்ணீர். குழாயில் வந்ததும் நல்ல தண்ணீர். இது உப்பு. உலகத்தில் எந்த மகனும் தாயைத் தோளில் சுமந்துகொண்டு இப்படி உத்தரவாதத்தைப் பற்றி யோசித்திருக்க மாட்டான். நான் யோசித்தேன். நெற்றி வியர்த்தது, பூசாரி அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

மார்பளவு தண்ணீரில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கரையில் மனைவி புடவையை இழுத்துப் போர்த்தியபடி அந்தப் பக்கம் திரும்புவது தெரிந்தது. என் முதுகிலிருந்து தங்கையின் குரல் வந்தது: "தெரியுதுண்ணே. தண்ணி தெரியுது. கலயம் ஓரத்துல கொஞ்சம் தெரியுது. நீ விடு."

"கலயத்தோட ஒரு முழுக்குப் போட்டு அப்படியே பின்னால விட்டுடுங்க," என்று பூசாரி கத்தினார்.

முழுகினேன். விட்டேன். எழுந்தேன். முதுகு பேசவில்லை.

"பாத்தியா?" என்று மெல்லக் கேட்டேன். சத்தமில்லை. திரும்பவும் கூடாது, அவிழ்த்துப் பார்க்கவும் நேரமில்லை. அப்போது முதுகில் ஏதோ முட்டியது. துண்டு நெகிழ்ந்து கைப்பேசி ஆடுகிறது என்று நினைத்தேன். இன்னொரு முறை முட்டியது, கொஞ்சம் பலமாக. கண்ணாடி உடையப் போகிறது என்ற பயத்தில் கையைப் பின்னால் கொண்டுபோய்த் துழாவி, தட்டுப்பட்டதைத் தள்ளிவிட்டு, கைப்பேசியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்படியே, முதுகு அரிப்பெடுத்தவன் மாதிரி, உப்பில் எரிந்த கண்களை இடுக்கிக்கொண்டு கரைக்கு நடந்தேன்.

கைப்பேசி சாகவில்லை. திரை வெளிச்சமாக இருந்தது. தங்கை போயிருந்தாள், அவளுக்குப் பதிலாக என் ஈர முதுகு எங்கள் பழைய தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியைக் கூப்பிட்டிருந்தது. அவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல "ஹலோ, ஹலோ" என்று கொப்பளித்துக்கொண்டிருந்தார். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கணக்குப் பொறி திறந்தது. தங்கையின் படத்தை அழுத்தினால் வானிலை வந்தது. நான் அதை உதறினேன், ஊதினேன், சட்டையில் தேய்த்தேன், கெஞ்சினேன். பூசாரி தன் தேங்காய்களைப் பொறுக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மனைவியின் பழைய கைப்பேசி அடித்தது. தங்கை.

"நீ முழுகுனதும் கட்டாயிடுச்சுண்ணே. எத்தன தரம் அடிச்சேன் தெரியுமா?" அழுதுகொண்டிருந்தாள். "கலயம் உன் தோள்லயே நிக்குது. அதோட போச்சு. அப்புறம் என்ன ஆச்சு?"

தண்ணீருக்குள் கைப்பேசி பிழைக்கும், அழைப்பு பிழைக்காது என்பதைக் கடைப்பெண் சொல்லவில்லை. தொட்டியில் நீந்திய கைப்பேசியை யாரும் அழைத்துப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"தெரியலம்மா," என்றேன். "நான் திரும்பல."

அந்தப் பக்கம் குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் அதைத் தூக்கவில்லை போல. மனைவி என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி, இருவருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தாள்.

"நான் பாத்தேம்மா."

"அண்ணி? நீங்க திரும்பித்தான நின்னீங்க?"

"உங்கண்ணனுக்கு நீச்சலா தெரியும்? அவர யார் பாக்குறதாம்? திரும்பிட்டேன்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கலயம் உடனே முங்கல. மிதந்துச்சு. அலை ஏறுதுல்ல, திரும்ப இவருகிட்டயே வந்துச்சு. முதுகுல வந்து முட்டுச்சு. கொஞ்சம் தள்ளிப் போயி, மறுபடியும் வந்து முட்டுச்சு."

பக்கத்தில் நிறுத்தியிருந்த எங்கள் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டேன்.

"அப்புறம்?" என்றாள் தங்கை.

மனைவி என்னைப் பார்த்தாள். சொல்லாமல் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் அவளுக்குக் கதையைக் குறைத்துச் சொல்லத் தெரியாது. "அப்புறம் இவரு கையால தள்ளிவிட்டாரு. துணி கழண்டு, ஒரு பக்கமா சாஞ்சு, வெள்ளையா கொஞ்சம் கரைஞ்சுது. உள்ள போயிடுச்சு. அவ்வளவுதாம்மா. நல்லாத்தான் போனாங்க."

குழந்தையின் அழுகை கிட்டே வந்தது; தூக்கிக்கொண்டாள் போல.

"அம்மாவயாண்ணே தள்ளிவிட்ட?"

"போனுன்னு நெனச்சேன்," என்றேன். வேறென்ன சொல்வது? அவள் சிரித்தாளா, விசும்பினாளா என்று அந்தப் பழைய கைப்பேசியில் பிரித்தறிய முடியவில்லை. "வச்சிடுறேண்ணே, பாப்பா அழுவுது," என்றாள்.

கைப்பேசி இன்றும் ஓடுகிறது. குரல் மட்டும் சளி பிடித்ததுபோல வரும். இப்போது யாருக்கும் அதைக் கழுவிக் காட்டுவதில்லை. சந்தை நெரிசலில் யாருடைய பையாவது முதுகில் இடித்தால், கையைப் பின்னால் கொண்டுபோவதற்கு முன் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.