கேட்டலாக்கில் வந்த எங்க குஷன் கவர்

இன்னைக்கு ஆபீஸ்ல எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சுங்க.

வெளிநாட்டு ஃபர்னிச்சர் கம்பெனி அனுப்பின டிராயிங்கைப் பார்த்து ஒரு குஷன் கவர் சாம்பிள் தைச்சு வெச்சிருந்தோம். அது இன்னும் என் டேபிளை விட்டே நகரலை.

அவங்களுக்காக ஆர்டர் குடுக்கற பையிங் மேடம் வந்து புதுக் கேட்டலாக்கை விரிச்சாங்க. சோபா மேல எங்க கவர்! அதே பின்னல், அதே நீலம்.

எங்க டெய்லர் மாஸ்டருக்கு முகமே செத்துப்போச்சு. "ஆர்டர் போச்சுங்க! பக்கத்து நல்லூர்ல எவனோ நமக்கு முந்தித் தைச்சுக் குடுத்துட்டானுங்க!"

மேடம் சிரிச்சாங்க. "யாருமே தைக்கலைங்க. இது போட்டோவே இல்லை. கவர், சோபா, ஜன்னல், வெயில் எல்லாமே கம்ப்யூட்டர்ல வரைஞ்சது. பொருள் வர்ற வரைக்கும் விளம்பரம் காத்திருக்குமா?"



அப்புறம் எங்க சாம்பிளை எடுத்து அந்தப் படத்துக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க.

"ஓரத்துல சுருக்கம் விழுதுங்க. படத்துல இல்லையே? ரிஜெக்ட்."

"துணின்னா சுருக்கம் விழத்தானுங்க செய்யும் மேடம்"னார் மாஸ்டர்.

"படத்தைப் பார்த்துத்தானே கஸ்டமர் வாங்கறாங்க?"

ஆக, உலகத்துலயே இல்லாத ஒரு கவர்தான் ஒரிஜினல். கையில தொட்டுப் பார்க்கற எங்களோடது டூப்ளிகேட்.

சுருக்கமே விழாத துணி எந்த மில்லுல நெய்யறாங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. நாளைக்கே மாஸ்டரை அனுப்பி வைக்கிறேன்.